காரைத் துரத்தும் செய்தியும் களவு போன உரிமையும்

2020 செப்டம்பர் 23ம் தேதி நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று: மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்பு மசோதாக்களை ராஜ்ய சபை நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்திருந்தன. 100 தொழிலாளர்கள் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புச் செய்யவோ, ஆலையை மூடவோ சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்த வரம்பு 300 ஆக உயர்ந்தது. எந்தத் தொழிலில் வேலைநிறுத்தம் செய்வதானாலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றாயிற்று.

மற்றொன்று: போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் சில இந்தி சினிமா நடிகைகளை விசாரணைக்கு வரும்படி சம்மன் அனுப்பினார்கள்.

இரண்டில் எது பெரிய செய்தி? உழைத்துப் பிழைக்கும் எவரைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார். ஆனால், பெரிய வர்த்தக டெலிவிஷன் சேனல்களுக்கு நடிகையின் கார்தான் செய்தி! கார் எந்தத் தெருவில் திரும்பியது, கண்ணாடி ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா என்று மூச்சு வாங்க வர்ணித்தார்கள். தொழிலாளியின் வேலைப் பாதுகாப்பு பறிபோனது அடிவரியில் ஓடி மறைந்தது.

இது ஒரு நாள் கூத்தா? இல்லை. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் அந்த ஆண்டு ஜூன் 14ல் இறந்தார். அந்தத் துயரத்தை மாதக்கணக்கில் விற்றார்கள். அவருடைய தோழியைக் கொலைகாரி என்று ஸ்டுடியோவிலேயே தீர்ப்பளித்தார்கள். அந்தப் பெண் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலும் இருந்தார். கடைசியில் என்ன ஆயிற்று? 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையைக் கோர்ட்டில் கொடுத்தது. கொலையும் இல்லை, சதியும் இல்லை!

அதே மாதங்களில் நாட்டின் நிலை என்ன? ஏப்ரல் முதல் ஜூன் வரை தேசிய உற்பத்தி 23.9 சதவீதம் வீழ்ந்தது என்று சர்க்காரே ஆகஸ்ட் 31ல் அறிவித்தது. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் மாண்ட தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று பார்லிமெண்டில் கேட்டதற்கு, செப்டம்பர் 14ல் கிடைத்த பதில்: கணக்கு இல்லை! செப்டம்பர் 20ல் விவசாயச் சட்ட மசோதாக்கள் ராஜ்ய சபையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. உறுப்பினர்கள் வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேட்டார்கள், எண்ணவில்லை. ஐந்தாம் நாள் விவசாயிகள் ரோட்டில் இறங்கியபோதும் காமிராக்கள் நடிகைகளின் வாசலில்தான் நின்றன.

'ஜனங்கள் விரும்புவதைக் காட்டுகிறோம்' என்கிறார்கள். எந்த ஜனங்கள்? அந்நாளில் இந்தியாவில் சுமார் 21 கோடி வீடுகளில் டெலிவிஷன் இருந்தது. ரேட்டிங் கருவி இருந்ததோ ஏறத்தாழ 44,000 வீடுகளில்! அந்தக் கணக்கை வைத்து விளம்பரப் பணம் பங்கு போடப்படுகிறது. அந்தக் கணக்கிலும் மோசடி என்று புகார் கிளம்பி, 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களின் ரேட்டிங் வெளியீட்டை நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில்தான் அது திரும்ப வந்தது. ஜனங்களின் விருப்பமாம்! அது விளம்பரதாரரின் விருப்பம்.

சேனல்கள் யார் கையில் என்று பாருங்கள். 2014ல் நெட்ஒர்க் 18 அம்பானியின் ரிலையன்ஸ் வசமாயிற்று. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதானியின் கைக்குப் போயிற்று. துறைமுகமும், மின்சாரமும், எண்ணெய்யும், சில்லறை வியாபாரமும் வைத்திருப்பவர்களே செய்தியையும் வைத்திருக்கிறார்கள். ஆட்குறைப்பைச் சுலபமாக்கும் சட்டத்தைப் பற்றி அவர்களுடைய சேனல் தொழிலாளியின் பக்கம் நின்று பேசுமா? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்!

சிலர் பட்சபாதம் ஒரு குற்றம், வெட்டிச் செய்தி வேறொரு குற்றம் என்று பிரித்துப் பேசுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. வெட்டிச் செய்தியே பட்சபாதம்தான். ஜேப்படிக்காரனின் கூட்டாளி கூட்டத்தில் வேடிக்கை காட்டுவான். வேடிக்கை பார்ப்பவனின் பை காலியாகும். செப்டம்பர் 23ல் நடந்தது அதுவே. அன்று நிறைவேறிய சட்டங்கள் 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்தன. 'இது எப்போது வந்தது?' என்று ஆலை வாசலில் தொழிலாளி கேட்டால், அந்தக் கேள்விக்கு இந்தச் சேனல்களே பொறுப்பு.

ஆனால், அவர்கள் எப்போதும் ஜெயிப்பதில்லை. 2020 நவம்பர் 26 முதல் டில்லி எல்லையில் குந்திய விவசாயிகளைப் பிரிவினைவாதிகள் என்று சில சேனல்கள் தூற்றின. விவசாயிகள் என்ன செய்தார்கள்? டிராக்டர் டிராலிகளில் இருந்துகொண்டே 'டிராலி டைம்ஸ்' என்று சொந்தப் பத்திரிகை நடத்தினார்கள். ஓராண்டு உறுதியாக நின்றார்கள். 2021 நவம்பர் 29ல் பார்லிமெண்ட் அந்த மூன்று சட்டங்களையும் ரத்து செய்தது.

ஆகவே, இன்றிரவு டெலிவிஷன் முன்னால் உட்காரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் காரை எனக்குக் காட்டும் நேரத்தில் எதை மறைக்கிறார்கள்? விடையைத் தேடிப் பிடியுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் தோழரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். உழைப்பவனின் செய்தியை உழைப்பவனே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை!