மூவாயிரம் வெள்ளிக்குச் சைக்கிளா?

“மூவாயிரம் வெள்ளிக்குச் சைக்கிளா? அந்தக் காசுக்குப் பழைய மோட்டார் ஒன்று வாங்கிவிடலாமே!” விடுதியில் மலைச் சைக்கிள் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் முதல் பதில் இதுதான். சொல்பவர்மேல் குற்றமில்லை. நம் தாத்தாமார்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் மிதித்துத் தேய்ந்தது சைக்கிள். அப்பாமார்கள் அதை விட்டிறங்கி மோட்டார் ஏறியதைத்தான் நம் வீடுகளில் முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டோம். அதற்குப் பிறகு கார். இரண்டு தலைமுறை பாடுபட்டு விட்டிறங்கிய வண்டியில், பட்டம் படிக்கப்போன பிள்ளை மூவாயிரம் கொடுத்து மறுபடி ஏறுகிறான் என்றால் அம்மாவுக்குப் பொறுக்குமா?

இருந்தாலும் அந்த மூவாயிரத்துக்காகத்தான் இங்கே வாதாட வந்திருக்கிறேன். தலைநகரில் புக்கிட் கியாராவின் ஒற்றையடிப் பாதைகளிலும், கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக் காட்டிலும், அக்கரையில் புக்கிட் தீமா, செஸ்ட்நட் பூங்காக்களிலும் வார இறுதியில் எல்லா வயதினரும் மிதிக்கிறார்கள். என் கண்ணில் படும் தமிழ் முகங்கள் மிகச் சில. ஆர்வம் இல்லாமல் இல்லை. கடைக்குப் போய், விற்பவர் ஆங்கிலத்திலும் மலாயிலும் அடுக்கும் பெயர்களைக் கேட்டுத் தலையாட்டி, வண்ணம் பார்த்து வாங்கி, ஆறு மாதத்தில் பாகம் கழன்று, படிக்கட்டின் கீழ் துரு ஏறவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த நான் அறிந்தவரை, இதைப் பற்றித் தமிழில் நிதானமாக எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. ஆண்டு மலரில் ஹப்புக்கும் செயினுக்கும் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே என் பதில்.

முதலில் எந்த வகை என்பது. முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வுதாங்கி (மோட்டாரில் நாம் ‘அப்சோபர்’ என்போமே, அதுதான்) இருந்து, பின்பக்கம் விறைப்பாக இருப்பதை ‘ஹார்ட்டெயில்’ என்கிறார்கள். பேரங்காடியின் மேல்மாடியில் முன்னும் பின்னும் சுருள்கம்பி வைத்து, சில நூறு வெள்ளிக்குப் பளபளவென்று நிறுத்தியிருக்கும் வண்டிகள் கண்ணைப் பறிக்கும். வாங்காதீர்கள். பின்பக்க அதிர்வுதாங்கி நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் அதற்கே தனியாக நல்ல விலை கொடுத்தாக வேண்டும். மலிவான ஒன்று நாம் மிதிக்கும்போதெல்லாம் அமுங்கி அமுங்கி எழுந்து கால்பலத்தைத் தின்னும்; அதன் மூட்டுகள் நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் சீக்கிரமே ஆட்டம் காணும். 2000 முதல் 4000 வெள்ளிக்குள் கையிருப்பு உள்ள மாணவர் ஹார்ட்டெயிலைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்த விலைக்குள்ளும் தந்திரங்கள் உண்டு. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது; நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆனால் கடைக்காரர் நமக்குக் காட்டுவது ஒரே ஒரு பல்லை. அதுதான் பின்சக்கரத்துக் கியர்மாற்றி. ஷிமானோ நிறுவனத்தின் வரிசையில் டூர்னி, அல்தஸ், அசேரா, அலிவியோ, டியோர் என்று தரம் ஏறிக்கொண்டே போகும். அல்தஸ், அசேரா, அலிவியோ மூன்றின் இடத்துக்கும் 2023இல் ‘கியூஸ்’ என்ற புதிய வரிசை வந்தது. வாங்குபவர் கண் முதலில் கியர்மாற்றியில் விழும் என்று தயாரிப்பாளருக்குத் தெரியும். ஆகவே அங்கே மட்டும் ‘டியோர்’ என்ற பெயரை மாட்டி, செயின், பல்சக்கரம், ஹப், பிரேக் எல்லாவற்றிலும் கையை இறுக்கிக்கொள்வதுண்டு. கியர்மாற்றி என்பது பின்னால் எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றக்கூடிய பொருள். மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள்.

மாற்றவே முடியாதது சட்டம். அதில் மூன்று இடம். முன்னால் ஃபோர்க் நுழையும் தலைக்குழாய் மேலிருந்து கீழே அகன்று வருகிறதா? நல்ல ஃபோர்க்குகள் இப்போது பெரும்பாலும் அந்த வடிவத் தண்டோடுதான் வருகின்றன. மேலும் கீழும் ஒரே அளவான ஒடுக்கமான குழாய் என்றால், பின்னாளில் நல்லதொன்று வாங்கினாலும் மாட்டுவது பெரும்பாடு. அடுத்து, சக்கரம் சட்டத்தோடு சேரும் அச்சு. பழைய முறையில் மெல்லிய கம்பியும் நெம்புகோலும் இருக்கும். புதிய முறையில் பருத்த அச்சு இருபுறமும் ஊடுருவி மரை போட்டு நிற்கும். இரண்டாவதில் பாறைமேல் இறங்கும்போது சக்கரம் முறுக்கிக்கொள்ளாது. இன்றைய சக்கரங்கள் பலவற்றுக்குப் பின் இடைவெளி 148 மில்லிமீட்டர்; அந்த அளவில் சட்டம் இருந்தால் மாற்றுச் சக்கரம் தேடி அலைய வேண்டாம். மூன்றாவது தலைக்கோணம். முன்பெல்லாம் 70, 71 பாகை. இப்போது 66, 67க்கு அருகில் வைக்கிறார்கள். கோணம் குறையக் குறைய முன்சக்கரம் நமக்கு முன்னே தள்ளி நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழுவோமோ என்ற பயம் குறையும்.

சட்டத்துக்கு அடுத்தபடி ஃபோர்க். என்னைக் கேட்டால் பாதிப் பணம் இதற்காகத்தான் கொடுக்கிறோம். சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். போன்றவற்றின் உள்ளே இரும்புச் சுருள்கம்பி. அந்தக் கம்பியை நடுத்தர எடையுள்ள ஒருவரை மனத்தில் வைத்துச் செய்திருப்பார்கள். ஐம்பது கிலோ மாணவிக்கு அது அசையாது. தொண்ணூறு கிலோ நண்பருக்கு அடிவரை இறங்கி இடிக்கும். மேலே இருக்கும் திருகைத் திருப்பினால் கடினமாகும் என்பார்கள்; தொடக்க இறுக்கம் கூடுமே தவிரச் சுருளின் பலம் மாறாது. ராக்‌ஷாக்ஸ் ஜூடி, சன்டூர் ரெய்டன் போன்றவற்றில் சுருளுக்குப் பதில் அடைத்த காற்று. நம் எடைக்கேற்ப அடித்துக்கொள்ளலாம், கூட்டலாம், குறைக்கலாம்; எடையும் குறைவு. 100 மில்லிமீட்டர் இறங்கும் ஃபோர்க் என்றால், நாம் ஏறி அமர்ந்ததும் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். இதற்கென்று உள்ள சிறிய கைப்பம்பைக் கடைக்காரரிடமே கேட்டு ஒருமுறை சரிசெய்து வாங்கிவிடலாம்.

பின் ஹப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் உடைவது அதுதான். மலிவான ஏழு கியர் வண்டிகளில் பல்சக்கரக் கூட்டம் முழுவதும் ஹப்பின்மேல் மரையாகத் திருகப்பட்டிருக்கும். அந்த அமைப்பில் பேரிங் நடுப்பக்கம் ஒதுங்கிவிடுவதால், அச்சின் வலப்பக்கம் தாங்கலின்றி நீண்டு நிற்கும். நான்கு படிக்கட்டு குதித்து இறங்கினால் வளைந்துவிடும். பல்சக்கரங்கள் ஹப்பின் உடலிலேயே செருகி நிற்கும் அமைப்பில் பேரிங் ஓரத்திலேயே இருக்கும். இந்தத் தொல்லை இல்லை. “இது திருகுவதா, செருகுவதா?” என்று கேளுங்கள். கேட்டவுடன் கடைக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையே மாறும்.

கியரில் நான் புதுமைக் கட்சி. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு, ஆக 24 என்று எண்ணிக்கை காட்டுவதெல்லாம் வெறும் கணக்கு. பாதி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்கும். முன்னால் ஒன்றே ஒன்று போதும். 2020இல் வந்த பன்னிரண்டு கியர் டியோரில் பின்பக்கம் 10 பல்லிலிருந்து 51 பல் வரை இருக்கிறது. எந்த மேட்டிலும் மூச்சுவிட்டுக்கொண்டே ஏறலாம். கழன்று விழ முன்கியர்மாற்றியும் இல்லை.

பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதாக இருக்கட்டும். கம்பி இழுக்கும் வகை நம் மழைக்கு ஒத்துவராது. ஷிமானோ எம்.டி.200 போன்ற தொடக்கநிலை வகையே மாணவருக்குப் போதும். ஒரு குறிப்பு: மலிவான வட்டத்தகடுகள் சிலவற்றில் பிசின் கட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பொறித்திருக்கும். ஈர மணலில் அந்தக் கட்டை வேகமாகக் கரையும். உலோகக் கட்டை தாங்கும் தகடு கிடைத்தால் நல்லது.

நிறுவனப் பெயருக்கு நான் அதிக மதிப்பெண் தருவதில்லை. தைவானின் ஜயன்ட், மெரிடா, இந்தோனேசியாவின் போலிகன் மூன்றும் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பவை. விலைச்சீட்டை அருகருகே வைத்து, ஃபோர்க், ஹப், அச்சு என்று ஒப்பிட்டால் போதும். அமெரிக்கப் பெயரொட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் நல்ல தலைக்கவசம் வாங்கலாம்.

பணத்துக்கு வருகிறேன். கல்விக் கடன் தவணை கணக்கில் விழுந்த வாரத்தில் கடைப்பக்கமே போகாதீர்கள். அந்த வாரம் எல்லாமே மலிவாகத் தெரியும். விடுமுறை வேலையில் சேர்த்த பணம் என்றால், அதில் முந்நூறு நானூறு வெள்ளியைத் தலைக்கவசம், பூட்டு, பம்பு, மாற்று டியூப் ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வண்டி பாருங்கள். போதவில்லையா, புதிய மட்டமான வண்டியைவிட ஓரிருவர் ஓட்டிய நல்ல வண்டி மேல். அங்கேதான் உண்மையிலேயே பல்லைப் பார்க்க வேண்டும்: பல்சக்கரத்தின் பற்கள் சுறாமீன் துடுப்புபோல் ஒருபக்கம் சாய்ந்து கூர்மையாக இருந்தால், செயினும் கூட்டமும் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அளவில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. கடையில் தேங்கியிருக்கும் அளவையே “உங்களுக்குச் செய்ததுபோல் இருக்கிறது” என்பார்கள். ஏறி நின்று, உட்கார்ந்து, கடைக்கு வெளியே இரண்டு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓட்டவிடாத கடை வேண்டாம். புதிய வண்டியின் கியர்க்கம்பி முதல் இரண்டு மாதத்தில் தளரும். அதை இலவசமாகச் சரிசெய்து தருவார்களா என்று பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வைத்த பிறகு கேட்டால் குரல் வேறாக இருக்கும்.