ஹீட்டர் ராடின் எச்சரிக்கை யாருடைய மொழியில்?

வலியசாலை என்றதும் வரலாறு பயின்றோர்க்கு நினைவில் எழுவது காந்தளூர்ச் சாலை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் அச்சாலையோடு சேர்ந்து வரும் ‘கலம்’ என்ற ஒரு சொல் மரக்கலத்தைக் குறிக்கிறதா, உண்கலத்தைக் குறிக்கிறதா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வந்திருக்கின்றனர். அச்சாலை இருந்த இடம் எனப் பலரும் கருதும் இதே வலியசாலையில், குளியலறை ஆணியில் தொங்கும் ஹீட்டர் ராடின் மீதும் அதன் அட்டைப்பெட்டியின் மீதும் சில சொற்கள் அச்சாகியுள்ளன. அவற்றின் பொருளைப் பற்றிக் கவலைப்படுவோர் மிக அரியர். ஆயிரம் ஆண்டுப் பழமையான கலத்தைவிட இன்று உயிரோடு நேரடித் தொடர்புடையவை அச்சொற்களே.

அச்சொற்கள் என்ன கூறுகின்றன? ராடைத் தண்ணீருக்குள் அமிழ்த்திய பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் உருவிய பின்னரே தண்ணீரில் கைவைக்க வேண்டும். எர்த் இணைப்பு உள்ள மூன்று துளைச் சாக்கெட்டில் மட்டுமே செருக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ராடின் உலோகக் குழாய்க்குள் சூடேறும் கம்பிச்சுருள் உள்ளது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மின்காப்பாக மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுகத் திணிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரின்றிச் சூடேறினால் குழாயில் விரிசல் விழும். விரிசல் வழியே ஈரம் புகுந்தால் அத்தூளின் காப்புத் தன்மை கெட்டு, மின்சாரம் குழாய்க்கும் அதைச் சூழ்ந்த தண்ணீருக்கும் கசியும். எர்த் கம்பி சரியாக இருந்தால் கசிவு அதன் வழியே நிலத்துக்குச் சென்றுவிடும். அது இல்லாதபோது, பிளாஸ்டிக் வாளியில் நீர் சுட்டுவிட்டதா என்று விரலை நனைத்துப் பார்ப்பவரின் உடலே அந்தக் கம்பியாகிவிடுகிறது.

இத்தனையும் ஆங்கிலத்தில் உள்ளன. சில பெட்டிகளில் இந்தியும் உண்டு. வலியசாலையின் பழைய தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ் பேசி, மலையாள நாளிதழ் படித்து வளர்ந்த மூத்த பெண்கள் பலர். இரு மொழிகளில் புழங்கும் அவர்களிடம் மூன்றாவதும் நான்காவதுமான மொழிகளில் பேசுகிறது அந்தப் பெட்டி. அருகிலுள்ள சாலைக் கடைவீதியில் ராடு வாங்குகையில் கடைக்காரர் விலையைச் சொல்வார், உத்தரவாதக் காலத்தைச் சொல்வார். மூன்றாம் துளையைப் பற்றி அவர் பேசுவார் என்பதற்கு உறுதி இல்லை.

தரநிலைகளை வகுத்தவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். வீட்டு மின்கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.இ.சி. 60335-ஐயும், அதன் வழிவந்த நமது ஐ.எஸ். 302-ஐயும் படித்தால் அவர்களின் நுணுக்கம் வியக்க வைக்கும். அவற்றின் சோதனைக் கருவிகளுள் ஒன்று 80 மில்லிமீட்டர் நீளமும் 12 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஓர் உலோக விரல். மனித விரலைப் போலவே அது மடங்கும். கருவியின் ஒவ்வொரு இடுக்கிலும் அதை நுழைத்து, மின்சாரம் பாயும் பகுதியை அது தொடுகிறதா என்று பார்ப்பர். இஸ்திரிப்பெட்டி போன்று எர்த் இணைப்புடன் கையில் எடுத்துப் பயன்படுத்தும் கருவிகளில் கசிவு 0.75 மில்லி ஆம்பியரைத் தாண்டலாகாது. எர்த் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையிலான மின்தடை 0.1 ஓமைத் தாண்டலாகாது. பிளாஸ்டிக் பாகங்களைச் செந்தழலாய்ச் சூடேறிய கம்பியால் தொட்டு, தீப்பற்றுகிறதா என்றும் பார்ப்பர்.

விரல் எப்படி மடங்கும் என்பதுவரை கணக்கிட்ட அந்த ஆவணம், வாசகரிடம் வந்ததும் கைகழுவிவிடுகிறது. எச்சரிக்கைகளும் அறிவுரைகளும், பொருள் விற்கப்படும் நாட்டின் அலுவல்மொழிகளுள் ஒன்றில் எழுதப்பட்டால் போதும் என்கிறது பன்னாட்டுத் தரநிலையின் ஏழாம் பிரிவு. ஒரு நாடு, ஒரு மொழி, எல்லோரும் படிப்பர் என்ற அனுமானம் அந்தச் சொற்றொடருக்குள் பதுங்கியிருக்கிறது. டென்மார்க்குக்கு அது பொருந்தலாம். இந்தியாவில் அதன் நடைமுறைப் பொருள் ஆங்கிலம் அல்லது இந்தி என்பதே. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளும் இதே தடத்தில் செல்கின்றன: பெயர், அளவு, விலை முதலிய கட்டாயக் குறிப்புகள் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. தடையில்லை என்பதற்கும் கடமை என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு இலக்கணம் அறியாதவர்க்கும் புரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வெளியிட்ட தாழ்மின்னழுத்தக் கருவிகளுக்கான நெறிமுறை வேறு அளவுகோலைக் கையாளுகிறது. பாதுகாப்புத் தகவல்கள், உறுப்பு நாடு தீர்மானிக்கும், நுகர்வோர்க்கு எளிதில் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது அது. அலுவல்மொழி என்பது அரசின் வசதி; புரியும் மொழி என்பது பயன்படுத்துபவரின் உரிமை.

இந்திய நாடாளுமன்றம் இந்த வேறுபாட்டை அறியாததன்று. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம், பொட்டலத்தில் எந்த மொழி வழங்குகிறதோ அம்மொழியிலேயே எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று விதித்தது. தமிழில் பெயர் தாங்கி வரும் பீடிக்கட்டு தமிழிலேயே எச்சரித்தாக வேண்டும். அதே 2003இல்தான் ஹீட்டர் ராடு, இஸ்திரிப்பெட்டி, வயர், சுவிட்சு போன்றவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய தரக்கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. மெல்லக் கொல்லும் பீடிக்கு வாங்குபவரின் மொழி தேவை என்று கண்டவர்கள், நொடியில் கொல்லும் ராடுக்கு அது தேவையென எண்ணவில்லை.

‘இருபத்திரண்டு மொழிகளை ஒரு ராடின் மேல் எப்படி அச்சிடுவது?’ இதுவே வழக்கமான ஏளனம். இருபத்திரண்டையும் எவரும் கேட்கவில்லை. எங்கு விற்கிறார்களோ அங்குள்ள மொழியைக் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்தில் முதலில் மலையாளம், அதனுடன் தமிழ். ஓணம் வந்தால் இதே நிறுவனங்கள் தள்ளுபடியை மலையாளத்திலும், பொங்கல் வந்தால் தமிழிலும் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. விற்பதற்குத் தெரிந்த மொழி எச்சரிப்பதற்கு மட்டும் மறந்துபோகிறது. பெட்டிக்குள் மடித்து வைக்கும் ஒரு தாளுக்கு ஆகும் செலவை இழப்பு என்று சொல்ல எந்தக் கணக்கருக்கும் நா எழக்கூடாது.

‘குறியீடுகள் போதுமே’ என்பது இரண்டாவது வாதம். ஒன்றுக்குள் ஒன்றாக இரு சதுரங்கள் இருந்தால் அது இரட்டைக் காப்புடைய கருவி, எர்த் தேவையில்லை என்று பொருள். இதைப் பள்ளியில் கற்றவர் எத்தனை பேர்? குறியீடும் ஒரு மொழியே. கற்பிக்காவிட்டால் அது வெறும் கோடு.

மூன்றாவது வாதம் மிகவும் நயமானது: ‘மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்.’ ஐ.எஸ்.ஐ. முத்திரையையே எடுத்துக்கொள்ளலாம. அந்தப் பெயருக்குரிய இந்தியத் தரநிலைகள் நிறுவனம் 1947இல் தோன்றி, 1987இல் தர நிர்ணய அமைவனமாக மாறிவிட்டது. பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. உண்மையான முத்திரையின் மேலே தரநிலை எண்ணும் கீழே சி.எம்./எல். எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரிந்துவிடும். இரு எண்களும் இல்லாத முத்திரையை நம்புவதற்கில்லை. ஹீட்டர் ராடுக்குரிய எண் ஐ.எஸ். 368. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் இவற்றை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள், அவர் அறியும் மொழியில் அவற்றைச் சொல்லாமலே சொல்கிறார்கள். பூட்டிய கதவின் முன் நிற்பவரைச் சோம்பேறி என்று ஏசுவது போன்றது அது.

இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000-க்கு மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் பதிவுசெய்கின்றன. இவற்றுள் அறுந்து விழுந்த மின்கம்பியால் நேர்ந்தவையும் அடங்கும். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியின் மொழி மேல் சுமத்துவது நேர்மையாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி எல்லா வீட்டிலும் இருந்தால் எந்தப் பெட்டியையும் படிக்காமலே பலர் பிழைப்பர் என்பதும் உண்மை. கேரளத்தில் ஈ.எல்.சி.பி. என்றால் எலக்ட்ரீஷியன்கள் அனைவர்க்கும் தெரியும். ஆனால் பழைய வயரிங் உள்ள வீடுகளில் அதைப் பொருத்தும் நாள்வரை, வாளிக்கும் விரலுக்கும் நடுவே நிற்பது அந்த மூன்று வாக்கியங்கள் மட்டுமே.

கோரிக்கை சிறியது. 2003ஆம் ஆண்டின் ஆணையிலும், அதன் பின் பிற மின்கருவிகளுக்காக வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைகளிலும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: பாதுகாப்பு எச்சரிக்கைகள், பொருள் விற்கப்படும் மாநிலத்தின் அலுவல்மொழியிலும், அங்குள்ள மொழிச் சிறுபான்மையினர் செறிந்து வாழும் பகுதிகளில் அவர்களின் மொழியிலும் தரப்பட வேண்டும். அதைப் பின்பற்றாத பொருள், கசிவுச் சோதனையில் தோற்ற பொருளுக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டும். உலோக விரலால் இடுக்குகளைத் துழாவும் ஆய்வகத்தில், அட்டையைக் கையில் கொடுத்து ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள் பாட்டி’ என்று கேட்கும் ஒரு சோதனைக்கும் இடம் இருக்கலாம்.