தொரப்பள்ளி வக்கீலும் தருமபுரிப் பண்ணையாளும்

ராஜாஜியை மூதறிஞர் என்று மாலை போட்டு வணங்குவோர் உண்டு. குல்லுகபட்டர் என்று ஏசுவோரும் உண்டு. உழைக்கும் நமக்கு இரண்டும் உதவாது. அவர் செய்ததைத்தான் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அவர் பக்கத்து ஊர்க்காரர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் கிராம முன்சீப்பின் மகனாக 1878-ல் பிறந்தவர். ஓசூரும் தருமபுரியும் அன்று சேலம் ஜில்லா. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைச் சேர்மன். தாழ்த்தப்பட்டவர் ஒருவர் முதன்முதலாக அச்சபையில் உறுப்பினராக அவரே காரணமாயிருந்தார். வைதிகர்கள் நிறைந்த ஊரில் இது சாமானியக் காரியமா? இல்லை. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. ஆனால் அந்த நகரசபைக்கு ஓட்டுப் போட்டவர் யார்? சொத்தும் வரி ரசீதும் உள்ளவர்கள்! தறிக்காரனும் கூலிக்காரனும் வெளியே நின்றார்கள்.

சேர்மன் பிரதம மந்திரியானார். 1937-ல் மதுவிலக்கை முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வட்டிக்கடைக்காரர்கள் அலறினார்கள், நல்லதுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் விவசாயி யார்? விற்கக்கூடிய நிலபாத்தியதை உள்ளவன். ஒரு குழி நிலமும் இல்லாமல் பண்ணையில் கடன்பட்டுக் கிடந்தவன் அதில் சேர்த்தியில்லை. வக்கீல் மூளை!

1952 தேர்தலில் காங்கிரசுக்குச் சென்னைச் சட்டசபையில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் மேல்சபைக்கு நியமிக்க, அவர் முதல் மந்திரியானார். தோழர் பி. ராமமூர்த்தி கோர்ட்டுக்குப் போனார், வழக்குத் தள்ளுபடியானது. கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று சட்டசபையிலேயே ராஜாஜி அறிவித்தார். அதே ஆண்டில் அவரே தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தையும் கொண்டுவந்தார்! மனம் மாறியா? அல்ல. தஞ்சையில் செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் திரண்டிருந்தார்கள். அதனால்தான் அந்தச் சட்டம் தஞ்சை ஜில்லாவுக்கு மட்டும் வந்தது. அவர் பிறந்த ஜில்லாவின் பண்ணையாளுக்கு அது இல்லை.

1953-ல் பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று கல்வித் திட்டம் போட்டார். முன்சீப் மகன் வக்கீலானார். பண்ணையாள் மகன் மட்டும் ஏரைப் பிடிக்க வேண்டுமாம்! நாடே எதிர்த்தது. 1954-ல் பதவி போனது, திட்டமும் போனது. 1959-ல் சுதந்திராக் கட்சி கண்டு, நில உச்சவரம்பை எதிர்த்து நின்றார்.