தொலைநோக்கி வாங்கிய பிறகுதான் வானமா?

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், இரவில் மொட்டை மாடியில் நின்று நட்சத்திரம் பார்க்கப் பழக வேண்டும், முடிந்தால் படமும் எடுக்க வேண்டும் என்று தன் பெரியப்பாவிடம் ஆசையோடு சொன்னான். கல்வியும் உத்தியோகமும் வாய்ந்த அந்த மனிதர், “அதெல்லாம் லட்ச ரூபாய் சமாசாரம்டா, படிச்சுச் சம்பாதிச்சு நல்ல டெலஸ்கோப் ஒண்ணு வாங்கு, அப்புறம் வானத்தைப் பார்க்கலாம்” என்று கூறியதையும், சுற்றியிருந்த நாலு பேர் அதை வேதவாக்காக ஆமோதித்ததையும் சென்ற வாரம் காதாரக் கேட்டேன். பையனின் முகம் வாடிப்போயிற்று. இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடையதன்று. கடைக்காரர் முதல் ஆசிரியர் வரை நாடு முழுவதும் சொல்லுகிற பொய் இது என்பதனால்தான் என் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வங்காளத்து ஜெஸ்ஸூரில் கஜானா குமாஸ்தாவாகச் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ராதா கோவிந்த சந்திரர், பிரவேசப் பரீட்சையில் மூன்று முறை தவறியவர். அவர் 1910-இல் ஹாலி வால்நட்சத்திரத்தை ஒரு சிறு பைனாகுலரைக் கொண்டு கவனித்தார். 1912-இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றைச் சீமையிலிருந்து தருவித்தார். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் திடீரெனச் சுடர்விட்ட நோவாவை உலகத்தில் முதன்முதலாகக் கண்ட சிலருள் ஒருவரானார், அதுவும் வெறுங்கண்ணால்! அந்த நட்சத்திரம் அங்கே முந்தின நாள் இல்லை என்று அவருக்கு அறிவித்தது கருவியா, அந்தப் பகுதியை மனப்பாடமாக அறிந்திருந்த கண்ணா? ஒளி மாறும் நட்சத்திரங்களை ஆராயும் அமெரிக்கச் சங்கத்துக்கு அவர் அனுப்பிய கணிப்புகள் 37,000-க்கு மேற்பட்டவை. அவற்றுள் ஆரம்ப காலத்தவற்றைக் கண்ட பிற்பாடுதான், 1926-இல் அந்தச் சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவலாக அனுப்பி வைத்தது. ஐம்பதை நெருங்கிய வயதில் பெரிய கருவி அவரைத் தேடி வந்ததே ஒழிய, கருவிக்காக அவர் வானத்தைக் காக்க வைக்கவில்லை.

பெரியப்பாமார்களின் பேச்சை நம்பி அவசரத்தில் தொலைநோக்கி வாங்குகிறவர்களின் கதியோ பரிதாபமானது. ‘525 மடங்கு’ என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களே, அறுபது மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள குழாய் ஏறத்தாழ 120 மடங்குக்கு மேல் உருப்படியாக எதையும் காட்டாது என்பதை எந்தக் கடைக்காரராவது சொல்லுகிறாரா? ஸ்டாண்டின் கால்கள் மெல்லிய தகடு. ஃபோகஸ் திருகை விரல் தொட்ட மாத்திரத்தில் சனிக் கிரகம் நடுநடுங்கிக் கண்ணாடியை விட்டு வெளியே துள்ளும். மறுபடி அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பூமியின் சுழற்சி அதை அப்பால் இழுத்துச் சென்றிருக்கும். மூன்றாம் இரவில் அந்தக் கருவி அலமாரியின் மேல் ஏறி, பழைய சூட்கேஸ்களோடு சேர்ந்துவிடும். குழந்தை தனக்கு வானசாஸ்திரம் வராது என்று முடிவு கட்டிவிடும். சந்திரருடைய மூன்று அங்குலக் கருவிக்கும் இதற்கும் அளவில் அதிக பேதமில்லை. ஆனால் அவர் அதனை எங்கே திருப்ப வேண்டும் என்று முன்னதாகவே அறிந்திருந்தார்.

நம்முடைய அட்சரேகையில் பிறந்தவர்கள் உபகரணமில்லை என்று புலம்புவது எனக்குப் பொறுக்கவில்லை. எட்மண்ட் ஹாலி தென் வானத்தைக் காண்பதற்காகக் கப்பலேறி செயிண்ட் ஹெலினா தீவு வரை போனார்; அங்கே அவர் 1677-இல் குறித்துக்கொண்ட ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரத் திரளை, மே மாத முன்னிரவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தான் எவனும் தன் களத்துமேட்டிலிருந்தே தெற்கே பார்க்கலாம். இருட்டில் அது வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகப் புலப்படும். ஒரு சாதாரண 7×50 பைனாகுலரில் உருண்டையான பஞ்சுப் பொதியாகத் திரளும். லண்டனில் கோடீசுவரனாலும் இதனைத் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து காண இயலாது. அது அங்கே அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை.

படமெடுப்பதையும் இப்படியே பூதாகாரமாக்கி வைத்திருக்கிறார்கள். பத்திரிகைகளில் வருகிற செக்கச்சிவந்த நெபுலாப் படங்களைக் கண்டு, அவ்வளவும் கண்ணாடி வழியே நேரில் தெரியும் என்று மயங்குகிறவர்களுக்கு, அந்த நிறங்கள் மணிக்கணக்கில் சேகரித்த ஒளியின் விளைவு என்பதை யார் எடுத்துரைப்பது? கையிலிருக்கும் காமிராவில் 18 மில்லிமீட்டர் லென்ஸை அகலத் திறந்து, அசையாத ஸ்டாண்டில் பொருத்தி, பதினைந்து விநாடி ஒளி விழச்செய்தால் நட்சத்திரங்கள் ஏறக்குறையப் புள்ளியாகவே பதியும். அப்படி இருபத்தைந்து படம் எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் முதலிய இலவச மென்பொருள் ஒன்றில் அடுக்கினால், படத்தின் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். வேட்டைக்காரன் மண்டலத்து நெபுலாவும் கார்த்திகைக் கூட்டமும் கைக்கெட்ட இவ்வளவு போதும். பொறுமை வேண்டும், உண்மை. லட்ச ரூபாய் வேண்டாம்.

பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதவும் கை கூசுகிறது. நான் பார்த்த ஒரு பள்ளியில் நல்ல தொலைநோக்கி ஒன்றைப் பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி ஆய்வாளர் வரும் நாளில் மாத்திரம் வெளிவருகிறது. கிரகணம் வந்தாலோ, அதே பெரியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தைகளை உள்ளே அடைக்கிறார்கள். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கோயம்புத்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் மேலே சூரியன் நெருப்பு வளையமாக நின்றபோது, சூரிய வடிகட்டிக் கண்ணாடியோடு வெளியே வந்து பார்த்திருக்க வேண்டிய எத்தனை குழந்தைகள் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள்! ஜாதகக் கட்டத்தில் சனி எங்கே என்று காசு கொடுத்துக் கேட்கிற நாம், வானத்தில் சனி எங்கே என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை.

உண்மையில் இந்தப் பொழுதுபோக்குக்கு இன்றியமையாததும், எந்தக் கடையிலும் கிடைக்காததும் இருட்டு ஒன்றே. வானியல் அறிஞர் வைணு பாப்பு, வானாய்வு நிலையம் அமைக்க ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்ததற்கு அங்குள்ள இருளும் ஒரு முக்கிய காரணம். சந்திரரிடமிருந்த ஆறு அங்குலக் கருவி பாப்புவின் கைக்கு வந்து, பின்னர் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. நம் தெருக்களிலோ வெள்ளை எல்இடி விளக்குகள் மூடியில்லாமல் வெளிச்சத்தை ஆகாயத்துக்கும் வாரி இறைக்கின்றன. அதைப்பற்றி அந்தப் பெரியப்பாவுக்கோ, தலையாட்டிய நால்வருக்கோ ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. தொலைநோக்கிக்காகச் சேர்க்கச் சொல்லும் பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பையனை அமாவாசைக்கு அமாவாசை ஊருக்கு வெளியே பஸ் ஏற்றி அழைத்துப் போகட்டும். விளக்குகளுக்கு மூடி போடச் சொல்லி நகராட்சிக்கு ஒரு மனு எழுதி, தெருவாசிகள் அனைவரிடமும் கையெழுத்து வாங்கட்டும். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.