அந்த ஒலியைக் கேட்டுச் சிரிக்காதீர்

கேமரன் மலையின் திரிங்காப் போன்ற ஊரில் பள்ளிக்கு நடப்பதென்றால் மேடேற வேண்டியிருக்கும். அப்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாகச் செலவழிக்கும். நமக்கு அது நல்லதே. ஆனால், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நண்பருக்குச் சர்க்கரை அளவுமீறி இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், மயக்கமும் வரலாம். மருத்துவமனையோ மலைச்சாலையில் தொலைவாக, தானா ராத்தாவில் இருக்கிறது.

இங்கேதான் தொடர் சர்க்கரை அளவி உதவுகிறது. கையில் ஒட்டிய உணரி, தோலுக்கடியிலுள்ள திரவத்தில் சர்க்கரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும். லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. திரவத்தின் அளவு இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். ஆகவே, ஒலி கேட்டபின் காத்திருக்கக் கூடாது. உடனே 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

பள்ளிகளில் மாணவர்களின் கைப்பேசிக்குப் பொதுவாக அனுமதியில்லை. விதி சரியானதுதான். ஆனால் இந்த மாணவருக்குக் கைப்பேசி மருத்துவக் கருவி. மருத்துவரின் கடிதம் இருந்தால் விலக்கு அளிப்பதே நியாயம்.

விதி மாறினால் மட்டும் போதாது. நம் கேலிக்குப் பயந்து அவர் எச்சரிக்கை ஒலியை அணைத்துவிட்டால், உணரி இருந்தும் பயனில்லை. பாடவேளையில் அது ஒலித்தால் சிரிக்காதீர். இனிப்புப் பானத்தை நீட்டுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆசிரியரை அழையுங்கள்.