கேள்வி தாய்க்கு மட்டுந்தானா?

காலைப் பொழுதில் சேத்தியாத்தோப்புக் கூட்டுரோட்டில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். வடலூர் வழியாக நெய்வேலிக்குச் செல்லும் பேருந்தை எதிர்நோக்கிப் பெண்கள் நிற்பார்கள். ஆசிரியைகள், செவிலியர், கடைகளில் கணக்கெழுதுவோர், கூலி வேலைக்குச் செல்வோர் எனப் பலர். முக்காடிட்ட நம் வீட்டுப் பெண்களும் அவர்களிடையே உண்டு. அவர்களுள் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவளைப் பார்த்து ஊர் கேட்கிறது: "பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு இவளுக்கு வேலை ஒரு கேடா?"

அதே ஊர், பட்டம் பெற்றும் பிள்ளைக்காக வீட்டிலிருக்கும் மற்றொருத்தியைப் பார்த்தும் கேட்கிறது: "சும்மா இருப்பதற்கா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தார்கள்?"

போனாலும் குற்றம், இருந்தாலும் குற்றம். இவ்விரு கேள்விகளும் தாயிடம் மட்டுமே கேட்கப்படுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் ஆடவர் ஒரு காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். 1970-களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு விமானமேறினார்கள். அத்தாவின் முகத்தைப் புகைப்படத்தில் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அந்தப் பிரிவைத் தியாகம் என்றோம். தியாகந்தான், மறுக்கவில்லை. ஆனால், ஈராண்டுக்கு ஒருமுறை வரும் தகப்பனிடம் கேட்கத் தோன்றாத கேள்வி, மாலையில் வீடு திரும்பிவிடும் தாயிடம் மட்டும் எப்படி நம் நாவில் எழுகிறது?

"பெண் வேலைக்குப் போவது இக்கால நாகரிகம்" என்பார் சிலர். இது வரலாறு அறியாதார் பேச்சு. வீராணம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவரும் களையெடுத்தவரும் பெண்களே. வரப்போரத்து மரக்கிளையில் தூளி ஆடும். பிள்ளை அழுதால் தாய் கரையேறிப் பாலூட்டிவிட்டு மீண்டும் சேற்றில் இறங்குவாள். நம் சமுதாயப் பெண்களோ, பத்தமடையில் பாய் நெய்தார்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றினார்கள். மடியில் பிள்ளை, கையில் வேலை. அப்போது எந்த ஜமாஅத்தும் கூடி விவாதிக்கவில்லை. உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியாதவரை அதை உழைப்பென்றே நாம் எண்ணவில்லை போலும்!

மாறியது பெண்ணல்ல, வேலை இருக்கும் இடம். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. வயலாக இருந்த மண் சுரங்கமாயிற்று. வேலை, வாயிற்கதவுக்கும் சங்கொலிக்கும் உள்ளே போய்விட்டது. அந்த வாயிலுக்குள் தூளி கட்ட மரமேது? 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக வயலில் நின்ற நெற்பயிரை இயந்திரங்கள் அழித்தபோது நாடே அதைப் பேசிற்று. அந்த வயல்களை நம்பியிருந்த கூலிப் பெண்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்? வரப்பை இழந்தவள் பேருந்து ஏறத்தானே வேண்டும்?

சட்டம் கைகொடுக்கவில்லையா எனலாம். ஓரளவு கொடுத்தது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பளித்தது. 2017-இன் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் விதித்தது. தமிழக அரசு தன் பெண் ஊழியருக்கு 2021-இல் ஓராண்டு விடுப்பு வழங்கியது. நல்லவையே. ஆனால் பதினைந்து பேர் வேலை செய்யும் துணிக்கடைக்கும் இருபது பேர் கற்பிக்கும் சிறு பள்ளிக்கும் அந்தக் காப்பகம் வரவில்லை. நம் பெண்களுக்கு வேலை கிடைப்பதோ பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். தகப்பனுக்கோ, மைய அரசுப் பணியில்கூட 15 நாள் விடுப்புதான். ஊரைப் போலவே சட்டமும் பிள்ளை தாயுடையது என்றே முடிவு கட்டிவிட்டது!

மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தைப் பொறுமையாக ஓதிப் பாருங்கள். தாய் ஈராண்டு பாலூட்டுவதைச் சொல்லும் அதே வசனம், அவளுக்கு உணவும் உடையும் அளிக்கும் கடமையைத் தகப்பன்மீது வைக்கிறது. பிள்ளையின் பொருட்டு இருவரில் எவரும் துன்புறலாகாது என்கிறது. முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதாயின் இருவரும் கலந்து பேசி மனமொப்பிச் செய்ய இடமளிக்கிறது. பால் மறக்கச் செய்வதற்கே கலந்தாலோசனை வேண்டுமென்றால், ஒருத்தியின் வாழ்க்கைப் போக்கை மாமியாரும் தெருத் திண்ணையும் தீர்மானிப்பது எந்த நியாயம்? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் கைகொடுத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அந்த சுன்னத்தை மட்டும் நாம் ஏன் மறந்தோம்?

தாய்மடிக்கு ஈடு எதுவுமில்லை என்பாருடன் நமக்குப் பிணக்கில்லை. பிள்ளையோடு வீட்டிலிருக்க விரும்புபவள் மதிப்போடு இருக்கட்டும். அவளைச் "சும்மா இருப்பவள்" என்னும் நாவு அடங்கட்டும். ஆனால் கணவனை இழந்தவளுக்கும், கடனில் மூழ்கிய குடும்பத்தவளுக்கும், கற்ற கல்வியைப் பயன்படுத்த விழைபவளுக்கும் தாய்மடியைப் பற்றிய சொற்பொழிவு சோறு போடாது, வழியும் காட்டாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. பெண் பார்க்கும்போதே சம்பளம் எவ்வளவென்று விசாரித்து, அதை மாதந்தோறும் வரும் கைக்கூலியாக எண்ணி மணமுடிப்போர் நம்மிடையே பெருகிவிட்டனர். பெண் ஈட்டியதில் பெண்ணுக்கே பங்குண்டு என்கிறது அன்னிஸா அத்தியாயத்தின் 32-ஆம் வசனம். அவள் சம்பளமும் வேண்டும், அடுப்படியும் அவளே பார்க்க வேண்டும், பிள்ளை இருமினால் பழியும் அவளுக்கே என்பது பேராசையன்றி வேறென்ன?

ஜமாஅத்துப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மதரஸாக்கள் காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமும் நடக்கின்றன; இடைப்பட்ட பகலெல்லாம் பல ஊர்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. அவ்வறையைத் திறந்து, பாய் விரித்து, இரண்டு தூளி கட்டி, பரிவுள்ள மூதாட்டியர் இருவரை அமர்த்தி, பைத்துல்மாலிலிருந்து ஊதியம் கொடுத்தால் வேலைக்குச் செல்லும் தாய் நிம்மதியாகப் பேருந்து ஏறுவாள். வீட்டிலிருக்கும் தாயும் நோயுற்ற நாளில் பிள்ளையை ஒப்படைக்க ஓர் இடம் பெறுவாள். பள்ளிவாசலுக்குப் பளிங்குக்கல் பதிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்?

தொழுகை நடத்துகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்தத் தாயைத் தொழுகைக்கு ஏன் வந்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்களின் உம்மத்தினராகிய நாம் கூட்டுரோட்டில் நிற்கும் தாயிடம் கேள்வி கேட்பதை நிறுத்துவோம். அவள் பிள்ளைக்கு நாம் என்ன செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.