அந்த நாயைப் பிடித்தது யார்?

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து போளூர் வந்த தம்பி ஒருவர் பையில் ஓர் ஆங்கில மர்ம நாவலைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெருநகரம். அதன் மாநகராட்சியில் தெரு விலங்குகளைப் பிடித்துப் பராமரிக்கும் பிரிவு. அங்கே வேலை செய்யும் கால்நடை மருத்துவர்தான் கதாநாயகர். பிடித்துவரப்பட்ட நாய் ஒன்றின் உடம்பில் கிடைத்த தடயத்தை வைத்து, போலீசிடம் சிக்காத கொலைகாரனை அவர் கண்டுபிடிக்கிறார்.

பூண்டு வயலில் வேலை முடித்துவந்தவர்கள் குளிருக்குத் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்க, தம்பி முழுக் கதையையும் தமிழில் சொன்னார். எல்லோரும் ரசித்துத்தான் கேட்டோம். கதை முடிந்ததும், முப்பது ஆண்டு நகராட்சியில் குப்பை அள்ளி ஓய்வு பெற்ற பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அது சரி தம்பி, அந்த நாயப் புடிச்சது யாரு?"

தம்பி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். நாய் 'பிடித்து வரப்பட்டது' என்று இருந்தது. பிடித்தவருக்குப் பெயர் இல்லை.

அந்த நாவலாசிரியர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. நம் ஊரிலும் தெருநாய்ப் பிரச்சினையைப் பற்றி நீதிமன்றமும் தொலைக்காட்சியும் விலங்கு ஆர்வலர்களும் பேசுகிற பேச்சு முழுவதும் அந்த நாவலைப் போலத்தான் இருக்கிறது. மருத்துவர் இருக்கிறார், நீதிபதி இருக்கிறார், நாய் இருக்கிறது, கடிபட்ட குழந்தையும் ஒரு நாள் செய்தியாக இருக்கிறது. வலையைப் பிடிக்கிற கை மட்டும் இல்லை.

சென்னையின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடும் முறையை 1964இலேயே முன்வைத்தது. மாநகராட்சி அதைக் கேட்க 1996 வரை ஆனது. அதுவரை கொன்று அழிப்பதுதான் வழி. கொலையை நிறுத்தியது நல்ல காரியம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் நிறுவனர்களின் பெயரைச் சொல்வார்கள், மருத்துவர்களின் பெயரைச் சொல்வார்கள். கொல்லச் சொன்னபோது கொன்ற கையும், காப்பாற்றச் சொன்னபோது வலை வீசிய கையும் ஒரே சமூகத்தின் கைகள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். கொன்ற பாவம் அந்தத் தொழிலாளிக்கு, காத்த புண்ணியம் வேறு ஒருவருக்கு.

நகரம் இந்த வேலையை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். சென்னையின் நாய்க் கருத்தடை மையங்களில் முக்கியமானவை புளியந்தோப்பிலும் கண்ணம்மாபேட்டையிலும் இருக்கின்றன. புளியந்தோப்பு, 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது சேரி வீடுகள் எரிந்த இடம். ஆட்டுத்தொட்டியும் அந்தப் பக்கம்தான். கண்ணம்மாபேட்டை என்றால் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சுடுகாடு. அறுக்கிற இடம், எரிக்கிற இடம், குப்பை கொட்டுகிற இடம், நாயை அடைக்கிற இடம் எல்லாவற்றையும் ஒரே மக்களின் வாசலில் வைப்பதற்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லாமலேயே அது நடக்கிறது. அதற்குப் பெயர்தான் சாதி.

அந்த நாய்க்கு வைத்த பெயரையும் பார்க்க வேண்டும். இந்தியத் தெருநாய்க்கு ஆங்கிலத்தில் 'பரையா டாக்' என்று பெயர். நம் வானத்தில் வட்டமிடும் கரும்பருந்துக்கு 'பரையா கைட்'. 17ஆம் நூற்றாண்டிலேயே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு சமூகத்தின் பெயர், அங்கே 'ஒதுக்கப்பட்டவன்' என்று பொருளாகி, பிறகு குப்பையில் மேயும் விலங்குக்கும் பறவைக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றும் நாய் வளர்ப்புக் குறிப்புகளில், தத்தெடுப்பு விளம்பரங்களில் அந்தச் சொல் கூச்சமில்லாமல் புழங்குகிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். இழிவு என்று நீ சொல்வதை நான் தலைநிமிர்ந்து சொல்கிறேன் என்பது அவர் வழி. அந்தப் பெயரே வேண்டாம், அது எதிரிகள் சுமத்தியது என்று மறுத்தது 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் வழி. இரண்டு வழிகளுக்கும் நாங்கள் வாரிசுகள். ஆனால் இருவருமே தங்கள் மக்களின் பெயரை நாய்க்கு வைக்கச் சம்மதிக்கவில்லை. நாய் மீது எங்களுக்கு வெறுப்பு இல்லை. மனிதரை விலங்காக்கிப் பேசும் மொழியைத்தான் வெறுக்கிறோம்.

1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தபோது அண்ணல் அம்பேத்கர் கேட்டதும் இதைத்தான். நாய் பூனைக்குக் கிடைக்கிற மரியாதைகூட எங்களுக்கு இல்லாத நாட்டை எப்படி என் நாடு என்று சொல்வேன் என்றார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மகாத்தில், விலங்குகள் நீர் குடித்த குளத்தில் மனிதர்கள் நீர் அருந்துவதற்காக ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. நாய்க்குத் தண்ணீர் கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கொடு என்றார். நாங்களும் அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறோம்.

2025 ஆகஸ்ட் மாதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடே கொதித்தது. மெழுகுவத்தி ஊர்வலங்கள், நட்சத்திரங்களின் கண்ணீர்ப் பதிவுகள், இரவெல்லாம் விவாதங்கள். பதினொரே நாளில், 22ஆம் தேதி, மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. வெறிநோயோ முரட்டுக் குணமோ உள்ளவை தவிர மற்ற நாய்களைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது.

அதே நாட்களில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம், ஆறாம் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது அவர்கள் கோரிக்கை. ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கிய போராட்டம். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். ஒரே வாரத்தில் தெருநாய்க்காகவும் தெருவைக் கூட்டுகிறவருக்காகவும் இரண்டு குரல்கள் எழுந்தன. எது நாட்டின் மனசாட்சியை எட்டியது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. நாய்க்காக ஏன் அழுதீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டு இந்தப் பக்கம் ஏன் விழவில்லை என்றுதான் கேட்கிறோம்.

இவை இரண்டு வேறு பிரச்சினைகள் என்று நினைப்பது பெரிய தவறு. தெருநாய் பெருகுவது குப்பையால். குப்பை தேங்குவது ஆள் குறைப்பாலும் ஒப்பந்த முறையாலும். சென்னையில் 2018இல் எடுத்த கணக்கில் 57,366 தெருநாய்கள் இருந்தன. 2024 கணக்கில் அது 1.81 லட்சம். குப்பைத் தொழிலாளியை நிம்மதியாக வேலை செய்ய விடாத நகரம், நாய் பெருகிவிட்டது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

கடிபடுவது யார்? 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அவை தெருநாய்கள் அல்ல, வளர்ப்பு நாய்கள். அந்தக் குழந்தை பூங்காவிலேயே தங்கிக் காவல் பார்த்த தொழிலாளியின் மகள். விலை உயர்ந்த நாய்க்கு வீடு இருந்தது. காவலாளியின் மகளுக்குப் பூங்காதான் வீடு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் சாகிறார்கள் என்றும், கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடித்த உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உரிய நாட்களில் ஊசி போட்டுக்கொண்டால் சாவும் ஏறக்குறைய இல்லை. நடுவில் இருப்பது தூரமும் கூலியும் மட்டும்தான்.

இந்தத் தூரத்தைப் பற்றி மலைக்காரர்களாகிய எங்களுக்குத் தெரியும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் தென்னிந்தியாவில் வெறிநோயால் இறந்தார். அன்றைக்கு இதற்கான சிகிச்சை நிலையம் இமயமலைப் பக்கம் கசௌலியில்தான் இருந்தது. அவர் சாவு அரசை உலுக்கியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையில் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதனால் எத்தனையோ லட்சம் உயிர்கள் பிழைத்தன, நன்றி மறக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் நாய் கடித்துச் செத்த தோட்டக்கூலிகளின் சாவு ஒன்றுகூட ஒரு கட்டடத்தை எழுப்பவில்லை. யாருடைய சாவு சாவாகக் கணக்கில் வரும் என்பது அப்போதே தீர்மானமாகியிருந்தது.

எங்கள் பக்கத்துக் கதை இது. பீன்ஸ் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் சகோதரி ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் நாய் கடித்தது. கொடைக்கானலுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. பூண்டி, மன்னவனூர், பூம்பாறை என்று வளைந்து வளைந்து பேருந்து போய்ச் சேர்வதற்குள் அரை நாள் முடியும். ஊசிக்குக் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை போய்வர நான்கு நாள் கூலி போகும். இரண்டாவது முறை போனபோது, இன்று மருந்து தீர்ந்துவிட்டது, நாளை வா என்றார்கள். நாளை என்றால் ஐந்தாவது நாள் கூலி. 28ஆம் நாள் அவர் போகவில்லை. நல்லவேளை, இன்றும் உயிரோடு இருக்கிறார். இதை 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவார். விழிப்புணர்வு நிறைய இருந்தது. கூலிதான் இல்லை.

மறுபடியும் மர்மக் கதைக்கு வருவோம். கொலைகாரன் யார் என்று கடைசிவரை தெரியாமல் இருப்பதுதான் அந்த வகைக் கதையின் சுவை. எங்கள் வாழ்க்கையில் அந்தச் சுவைக்கு இடமில்லை. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தபோது எங்கள் மக்கள் ஏன் அப்படி அழுதார்கள்? கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொன்றது யார் என்று படம் பார்த்த ஒவ்வொருவருக்கும் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. விபத்துபோல், தற்கொலைபோல் கொலை செய்யும் கிழவனும் அந்தப் படத்தில் உண்டு. 2015இல் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்ததையும், அதைத் தற்கொலை என்று காட்ட முயன்றதையும், ஏழு ஆண்டுக்குப் பின் நீதிமன்றம் கொலை என்று தீர்ப்பளித்ததையும் நினைத்தவர்களுக்கு அது கற்பனையாகப் படவில்லை.

துப்புத் துலக்கும் அறிவியலும் தானாக நம் பக்கம் வந்துவிடாது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. மரபணுப் பரிசோதனைவரை போனார்கள். கடைசியில் 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகையில் வந்த மூன்று பெயர்களும் அந்தத் தண்ணீரைக் குடித்த தலித் மக்களின் பக்கத்திலிருந்தே வந்தன. மக்கள் அதை ஏற்கவில்லை. ஆய்வுக்கூடம் எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கேள்வியை முதலில் யார் எழுதித் தருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதிலும் வரும்.

அதனால் எங்கள் கோரிக்கைகள் எளியவை. நாய் பிடிக்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தமோ நிரந்தரமோ, வேலையில் சேரும் முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய வேலை செய்வோருக்கு அதைப் பரிந்துரைக்கிறது. கையுறை, பயிற்சி, காப்பீடு வேண்டும், வேலை நிரந்தரமாக வேண்டும். அந்த வேலை ஒரு சாதியின் வேலையாக இருக்கக் கூடாது, உரிய சம்பளத்தோடு எவரும் விண்ணப்பிக்கிற வேலையாக வேண்டும். கூலித் தொழிலாளி நாய்க்கடி ஊசிக்குப் போகும் நாட்களுக்கு அரசு கூலி ஈடு தர வேண்டும். மேல்மலைக் கிராமங்களுக்கு அருகிலேயே ஊசி மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். கருத்தடை மையம் வேண்டுமானால் அண்ணா நகரிலும் அடையாற்றிலும் கட்டட்டும், புளியந்தோப்பு கொஞ்சம் மூச்சு விடட்டும்.

இவை கிடைக்காதபோது என்ன செய்வது என்பதை 2016இல் குஜராத் தலித்துகள் காட்டினார்கள். ஊனாவில் மாட்டுத்தோல் உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த பிறகு, செத்த மாடுகளை எடுக்க மாட்டோம் என்று மறுத்து, சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலக வாசலிலேயே அவற்றைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். இத்தனை காலம் அந்த வேலையைச் செய்தது யார் என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

சென்னைத் தம்பி ஊருக்குத் திரும்பும் முன் பெரியவரிடம், "இனிமே நானே ஒரு கதை எழுதறேன் பெரியப்பா" என்றார். "எழுது. மொதல்ல அவன் பேரப் போட்டு ஆரம்பி" என்றார் பெரியவர்.

நாங்களும் அதையேதான் சொல்கிறோம்.

ஜெய் பீம்!